திறந்த கல்வி: கிணறும் கயிறும்

ஊரின் நடுவே பொதுக்கிணறு ஒன்றை வெட்டி, "யாரும் வரலாம், எவ்வளவும் இறைக்கலாம், காசு வேண்டியதில்லை" என்று அறிவிப்பது பேரறம். அதனைக் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும், கயிறும் வாளியும் கையில் உள்ளவனுக்கே அக்கிணறு பயன்படும். கயிறில்லாதவன் கிணற்றடியில் நின்று எட்டிப் பார்ப்பான். அடியில் நீர் மின்னுவதைக் காண்பான். தாகத்தோடு திரும்பிப் போவான். அவன் திரும்பிப் போவதைக் கண்ட சிலர், "நீர் இலவசமாகக் கிடைத்தும் குடிக்க மனமில்லாதவன்" என்று அவனையே ஏசவும் செய்வர்.

உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் இணையத்தின் வழியே திறந்து வைத்துள்ள இலவசக் கல்வியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்தக் காட்சியே நம் மனக்கண்முன் வருகின்றது. கைபேசி இல்லாத வீடு இன்று நம்மிடையே அரிது. பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்செழும்போது, "எல்லாப் பாடமும்தான் கைபேசியிலேயே கிடைக்கின்றதே" என்னும் சொல்லும் கூடவே எழுகின்றது. அச்சொல்லில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். புகழ்மாலை சூட்டுவதும் நம் வேலையன்று. புழுதி வாரித் தூற்றுவதும் நம் வேலையன்று.

கிணறு வெட்டிய வரலாறு

வீட்டிலிருந்தபடியே கல்லூரிக் கல்வி பெறலாம் என்னும் எண்ணம் இணையத்தோடு பிறந்ததன்று. பிரிட்டனில் 1969-இல் அரச ஆணை பெற்ற திறந்த பல்கலைக்கழகம் 1971-இல் பாடம் நடத்தத் தொடங்கியது. முன் தகுதி கேளாமல் மாணவரைச் சேர்த்துக்கொண்டது. வானொலியையும் தொலைக்காட்சியையும் பயன்படுத்தியது. ஆனால் அங்குக் கட்டணம் உண்டு. அத்துடன், மாணவர் எழுதி அனுப்பிய விடைகளைத் திருத்தி எழுதி விளக்கும் ஆசிரியரும் உண்டு. இந்த இரண்டாவது செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் வரும் கதை முழுவதும் அதைச் சுற்றியே சுழல்கின்றது.

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.டி., ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பாடங்களை இணையத்தில் விற்றுப் பொருளீட்டலாம் என்று பல நிறுவனங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்நேரத்தில் இக்கழகம், தன் பாடக் குறிப்புகளையும் பயிற்சிகளையும் வினாத்தாள்களையும் உலகோர் அனைவருக்கும் விலையின்றி வழங்குவதாகச் சொல்லிற்று. 2002 செப்டம்பரில் சில பாடங்களோடு தொடங்கிய அப்பணி இன்று 2,500-க்கும் மேற்பட்ட பாடங்களாக வளர்ந்துள்ளது. பெயர் பதிய வேண்டியதில்லை, சான்றிதழும் கிடையாது. எடுத்துக்கொள், படித்துக்கொள், வணிகத்துக்கு அன்றிப் படியெடுத்துப் பிறர்க்கும் கொடு. இவ்வளவுதான் அதன் ஒப்பந்தம்.

அதே 2002-இல் யுனெஸ்கோ கூட்டிய மாமன்றத்தில் 'திறந்த கல்வி வளங்கள்' என்னும் தொடர் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் பொது உரிம முறையும் வந்தது. ஆக்கியோன் தன் உரிமையை முற்றும் இழக்காமலே, பிறர் தன் ஆக்கத்தைப் படியெடுக்கவும் பகிரவும், அவன் இசைந்தால் மாற்றியமைக்கவும் வழிவகுத்த முறை அது. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இலவசம் வேறு, திறப்பு வேறு. இலவசம் என்பது இன்று காசு கேளாமை. திறப்பு என்பது, எடுத்துச் செல்லவும் வைத்துக்கொள்ளவும் பிறருக்கு வழங்கவும் நமக்கு உள்ள உரிமை. முன்னது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. பின்னது பெறுபவர் கையில் நிலைப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பியதில் விளைந்த ஏமாற்றங்கள் பல.

ஆரவாரமும் அதன் அடக்கமும்

2008-இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் என்னும் இருவர் ஒரு பாடத்தை நடத்தினர். கட்டணம் செலுத்திய மாணவர் ஏறத்தாழ 25 பேர். கட்டணமின்றி இணையத்தில் சேர்ந்தோர் 2,000-க்கும் மேற்பட்டோர். அதனைக் கண்டு பிறந்ததுதான் 'மூக்' என்னும் ஆங்கிலச் சுருக்கப் பெயர். பெருந்திரளினர்க்கான திறந்த இணையவழிப் பாடம் என்பது அதன் பொருள். அப்பாடத்தில் கற்போர் ஒருவரோடொருவர் எழுதியும் வாதிட்டும் கற்றனர். கேட்போர் கூட்டமாக அன்றிப் பேசுவோர் கூட்டமாக அது விளங்கிற்று.

2011 இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது காற்று வேறு பக்கம் வீசலாயிற்று. சுமார் 1,60,000 பேர் பதிந்தனர். 20,000-க்கும் மேற்பட்டோர் முடித்தனர். ஒருவர் பேச இலட்சம் பேர் கேட்கும் முறை இது. மறு ஆண்டே யுடாசிட்டி, கோர்செரா என்னும் வணிக நிறுவனங்கள் தோன்றின. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தலைக்கு 3 கோடி டாலர் இட்டு எடெக்ஸ் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பை நிறுவின. 2012-ஐ 'மூக் ஆண்டு' என்றே நியூயார்க் டைம்ஸ் எழுதிற்று. இன்னும் ஐம்பது ஆண்டுகளில் உலகில் உயர்கல்வி தரும் நிறுவனங்கள் பத்தே எஞ்சும் என்று த்ரன் கருதுவதாகவும் அந்நாளில் ஓர் இதழ் எழுதிற்று.

எண்கள் அவ்வாறு பேசவில்லை. 2012-இல் நடந்த எம்.ஐ.டி.யின் மின்சுற்றுப் பாடத்தில் பதிந்தோர் 1,54,763 பேர்; தேறிச் சான்று பெற்றோர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. இதனை மட்டும் காட்டி இம்முயற்சியைப் பழிப்பது நேர்மையாகாது. காசில்லாமல் பெயர் பதிவது கல்லூரியில் சேர்வது போன்றதன்று. நூலகத்தில் ஒரு நூலைப் புரட்டிப் பார்ப்பது போன்றது. புரட்டிப் பார்த்தவரெல்லாம் முழுவதும் படிக்கவில்லையே என்று எந்த நூலகரும் வருந்துவதில்லை. அன்றியும், 7,157 பேர் என்பது பேராசிரியர் பெரும்பாலோர் தம் வாழ்நாள் வகுப்பறையில் கண்டிராத கூட்டம்.

எத்தனை பேர் முடித்தனர் என்பதைக் காட்டிலும், முடித்தவர் யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர் தம் கோர்செரா பாடங்களில் சேர்ந்தோரைப் பற்றி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், விடை தந்தோருள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் முன்னரே கல்லூரிப் பட்டம் பெற்றிருந்தனர் என்று கண்டனர். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எடெக்ஸ் வழி நடத்திய பாடங்களை ஆறாண்டுகள் ஆராய்ந்த ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருயிபெரஸ்-வாலியென்டேயும் 2019 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். 2017-18-இல் முடித்தோர் நூற்றுக்கு மூவர் அளவே. முந்திய ஆண்டுகளைவிட அது உயரவுமில்லை. சேர்ந்தோரில் பெரும்பாலார் உலகின் வளமிக்க நாடுகளைச் சேர்ந்தோர். கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே நுழைந்தவர்கள், ஏற்கெனவே முற்றத்தில் அமர்ந்திருந்தவர்களே!

அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. சான்றிதழுக்காகப் பணம் செலுத்தியோரில் நூற்றுக்கு 46 பேர் பாடத்தை முடித்தனர். இதனைக் கண்டு, "இலவசமென்றால் மதிப்பில்லை, பணம் கட்டினால்தான் படிப்பார்கள்" என்று முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவு நமக்கு உடன்பாடன்று. பணம் கட்ட வல்லவர், நேரமும் குறிக்கோளும் ஆங்கிலப் பயிற்சியும் முன்னரே உடையவர். பணம் அவரைப் படிக்க வைத்தது என்பதைவிட, படிக்கும் வசதி உள்ளவரே பணமும் கட்டினார் என்பதே பொருந்தும்.

மங்கோலியச் சிறுவனின் கயிறு

இலவசக் கல்வியின் புகழைப் பாடுவோர் தவறாமல் கூறும் கதை ஒன்றுண்டு. மேலே கூறிய மின்சுற்றுப் பாடத்தில் மங்கோலியாவின் தலைநகர் உலான் பத்தூரைச் சேர்ந்த பத்தூஷிக் மியங்கன்பயர் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன் முழு மதிப்பெண் பெற்றான், பின்னர் எம்.ஐ.டி.யிலேயே மாணவனாகவும் சேர்ந்தான். எங்கோ ஒரு மூலையில் இருந்த பிள்ளைக்கு உலகத்தின் சிறந்த வகுப்பறை கிடைத்ததே என்று மகிழ்ந்து சொல்வார்கள். கதை உண்மைதான். நாமும் மகிழ்கிறோம். ஆனால் கதையின் பாதியை மட்டுமே சொல்கிறார்கள்.

மறுபாதி இது. அவன் படித்த பள்ளியின் தலைமையாசிரியர், எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர். இப்பாடத்தைத் தம் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர் அவரே. ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஒருவர், ஆய்வுக்கூடக் கருவிகளைப் பெட்டிகளில் சுமந்துகொண்டு அந்நாட்டுக்கே வந்தார். வாரக்கணக்கில் உடனிருந்து, மாணவர் கைகளால் சுற்றுகளை அமைக்கச் செய்தார். அப்பிள்ளையோடு உட்கார்ந்து படித்த தோழர் குழு ஒன்றும் இருந்தது. திரையில் வந்த பாடம் கிணற்று நீர். தலைமையாசிரியரும் கருவி கொணர்ந்த இளைஞரும் தோழர்களுமே கயிறு. சிறுவனின் அறிவுத்திறனை நாம் குறைத்துரைக்கவில்லை. அத்திறனுக்கு ஒரு கை கொடுக்கப்பட்டது என்பதை மறைத்துவிட்டு, "பார்த்தீர்களா, கைபேசியே போதும்" என்று சொல்வதைத்தான் மறுக்கின்றோம்.

கான் அகாடமியின் தொடக்கமும் இதற்குச் சான்று. வங்காளதேச வழிவந்த சல்மான் கான் 2004-இல் வேற்றூரில் இருந்த தம் உறவுப் பெண் ஒருத்திக்கு இணையத்தின் வழியே கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்ற உறவினர் பிள்ளைகளும் சேரவே, 2006 முதல் பாடங்களைக் காணொளியாக்கி வெளியிட்டார். 2008-இல் அது இலாப நோக்கற்ற நிறுவனமாயிற்று. இன்று கோடிக்கணக்கானோர் பார்க்கும் அப்பாடங்கள், பெயர் தெரிந்த ஒரு மாணவிக்காக, அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று அறிந்த ஒருவர் சொல்லிக்கொடுத்ததில் பிறந்தவை. அப்பாடங்களில் இன்றளவும் காணப்படும் எளிமைக்கு அத்தொடக்கமே காரணம் என்பது நம் கருத்து.

சான் ஹோசேயில் கற்ற பாடம்

கயிறின்றிக் கிணற்றைக் காட்டினால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுண்டு. 2013 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், யுடாசிட்டியோடு சேர்ந்து மூன்று அடிப்படைப் பாடங்களை இணையத்தில் நடத்திற்று. அவற்றுள் ஒன்று, கணக்கில் பின்தங்கிய மாணவர்க்கான தொடக்கநிலைக் கணிதம். பதிந்தோரில் உயர்நிலைப் பள்ளி மாணவரும் இருந்தனர். முடிவு வருந்தத்தக்கதாயிற்று. தொடக்கநிலைக் கணிதத்தில் மிகப் பெரும்பாலோர் தேறவில்லை. வகுப்பறையில் படித்தோரைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கினர். அவ்வாண்டு ஜூலையிலேயே திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. கோடையில் நடத்திய பாடங்களில் தேர்ச்சி உயர்ந்தது உண்மையே. ஆனால் அப்போது சேர்ந்தோருள் முன்னரே பட்டம் பெற்றிருந்தோர் பலர்.

அதே பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறையினர் 2013-இல் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டெலுக்கு வெளிப்படையான கடிதம் ஒன்றை எழுதினர். நீதியைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற விரிவுரைகளின் பதிவைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்தும்படி நேர்ந்ததை அவர்கள் ஏற்கவில்லை. வசதியுள்ளோர் பிள்ளைகள் உயிருள்ள ஆசிரியரோடு உரையாடிக் கற்பர். வசதியற்றோர் பிள்ளைகள் அந்த உரையாடலின் பதிவைப் பார்த்துக் கற்பர். இவ்வாறு பல்கலைக்கழகங்கள் இரு சாதியாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். தம் சக ஆசிரியர்க்கு ஊறு விளையும் வகையில் தம் விரிவுரைகள் பயன்படுவதைத் தாம் விரும்பவில்லை என்று சாண்டெலும் விடையளித்தார். இக்கடிதத்தில் கண்ட அச்சம் தொழிலைக் காக்கும் தன்னலம் என்று சிலர் எள்ளினர். நமக்கோ அது கல்வியைப் பற்றிய மிக நுண்ணிய விமர்சனமாகத் தோன்றுகின்றது. ஆசிரியர் எவருக்கு மிகத் தேவையோ அவரிடமிருந்தே ஆசிரியரைப் பிரித்து, திரையைக் கொடுத்துவிட்டு, அதற்குச் சமவாய்ப்பு என்று பெயரிடுவது எவ்வாறு பொருந்தும்?

கிணறு யாருடைய நிலத்தில்?

கயிற்றைப் பற்றிப் பேசினோம். கிணறு வெட்டிய நிலம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். கோர்செராவும் எடெக்ஸும் தொடக்கத்தில் பாடமும் தேர்வும் சான்றும் இலவசமாகவே தந்தன. எடெக்ஸ் 2015 இறுதியோடு இலவசச் சான்றிதழை நிறுத்திற்று. இரு நிறுவனங்களிலும் காலப்போக்கில் மதிப்பெண் இடும் பயிற்சிகளும் பல பாடங்களில் கட்டணத்துக்குள் சென்றன. 2021-இல் எடெக்ஸை 2யூ என்னும் வணிக நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கிற்று. அத்தொகை கல்விப் பணிக்கான ஓர் அறநிறுவனத்திற்கே சென்றது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. ஆயினும் வாங்கிய நிறுவனமோ 2024 ஜூலையில் கடன் மிகுந்து நீதிமன்றப் பாதுகாப்பை நாடிற்று. வக்ஃபு செய்த பொருளை விற்க இயலாது என்னும் நெறியை அறிந்த நம் வாசகர்களுக்கு, பொதுவில் வைத்த அறம் ஒன்று கைமாறுவதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

நிலத்துக்கு உரியவர் மட்டுமல்லர், நாட்டை ஆள்பவரும் கதவடைக்கலாம். 2014 ஜனவரியில் அமெரிக்க அரசின் பொருளாதாரத் தடைகளின் காரணமாக ஈரான், சூடான், கியூபா ஆகிய நாடுகளில் உள்ளோர் கோர்செரா பாடங்களைப் பார்க்க இயலாமற் போயிற்று. உலகினர் அனைவர்க்கும் என்று எழுதப்பட்ட பலகையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் விதிவிலக்குகள் இருந்தன. கதீஜா என்ற பெயருடைய ஒரு சூடானிய மாணவி கதவைத் தட்டினால் திறவாது என்று எண்ணிப் பார்த்தால், அனைவர் என்னும் சொல்லின் அளவு நமக்குப் புலனாகும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்ததும் சிந்திக்கத்தக்கது. காது கேளாதோர் பயன்படுத்தத்தக்க வகையில் அதன் இலவசக் காணொளிகள் அமையவில்லை என்று முறையீடு எழுந்தது. 2016-இல் அமெரிக்க நீதித்துறையும் அதனை உறுதி செய்தது. எழுத்து விளக்கம் சேர்க்கப் பெருஞ்செலவாகும் என்று கருதிய பல்கலைக்கழகம், 2017 மார்ச்சில் 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே விலக்கிக்கொண்டது. முறையிட்டோர் கேட்டது தமக்கும் கதவு திறக்க வேண்டும் என்பது. கிடைத்தது எல்லார்க்கும் கதவு அடைபட்டது. ஆனால் அப்பதிவுகளில் பல பொது உரிமத்தில் வெளியானவை. எனவே பிறர் அவற்றைப் படியெடுத்து வேறிடத்தில் காத்து வைத்தனர். இலவசத்துக்கும் திறப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே வெளிச்சமாகின்றது. இலவசமாக இருந்தது மறைந்தது, திறந்திருந்தது பிழைத்தது. எம்.ஐ.டி.யின் 2001-ஆம் ஆண்டுப் பணி, ஆரவாரம் ஏதுமின்றி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இன்றும் நிற்பதற்கும் இதுவே காரணம்.

நம் நாட்டுக் கிணறுகள்

நம் நாட்டில் நடந்திருப்பவை இவ்வகையில் சில நல்ல பாடங்களைத் தருகின்றன. சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று மற்றைத் தொழில்நுட்பக் கழகங்களோடு நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டம் பொறியியல், அறிவியல் விரிவுரைகளைக் கட்டணமின்றி வழங்குகின்றது. சான்று வேண்டுவோர் தேர்வுக்கு மட்டும் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதுகின்றனர். கல்லூரிகள் அதன் கிளை மையங்களாகச் சேர்ந்து, தம் ஆசிரியரையே மாணவர்க்கு வழிகாட்டியாக அமர்த்தும் ஏற்பாடும் உண்டு. இது நாம் மேலே சொன்ன கயிறு. 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய 'சுயம்' தளத்தின் பாடங்களை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிப்படி, ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 40 வரை கல்லூரிகள் கணக்கில் கொள்ளலாம். 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய தரவறிவியல் பட்டப்படிப்பில், புகழ்பெற்ற நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக, சில வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வெழுதிச் சேரலாம். அது இலவசமன்று; ஆனால் குறைந்த வருவாயுள்ள குடும்பத்தார்க்குக் கட்டணச் சலுகை உண்டு. தேர்வை நேரில் எழுத வேண்டும். கேள்வி கேட்க ஆளும் உண்டு. முற்றும் இலவசமாய் ஆளற்றுக் கிடப்பதைவிட, குறைந்த செலவில் ஆளோடு கிடைப்பது மேல் என்பது நம் துணிபு.

எஞ்சும் பெருங்குறை மொழி. மேலே கண்ட பாடங்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடப்பவை. விரிவுரைகளின் எழுத்து வடிவைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்குப் பெயர்க்கும் வேலையை என்.பி.டி.இ.எல். மேற்கொண்டிருப்பது பாராட்டத்தக்கது. ஆயினும் தமிழ்வழி படித்த பிள்ளைக்கு, பாடத்தின் கடுமையோடு மொழியின் கடுமையும் சேர்ந்து இரட்டைச் சுமையாகின்றது. தமிழில் திறந்த கல்விக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் பரவியுள்ள தொண்டர்கள் ஊதியம் கருதாது தட்டெழுதிச் சேர்த்த பழந்தமிழ் நூல்களுள் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் உண்டு. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாகத் திகழ்கின்றது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் காத்து வரும் நூலகம் திட்டத்தையும் சொல்ல வேண்டும். பெருநிறுவனப் பணம் இல்லாமலே இவை நிலைத்தன. ஆனால் இலக்கியத்துக்குக் கிடைத்த இந்தத் தொண்டு கணிதத்துக்கும் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் கிடைத்ததா? அங்கே நம் கிணறுகள் இன்னும் ஆழமாகவில்லை.

வீட்டிற்குள் ஒரு கேள்வி

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இலவசப் பாடத்தால் நம்மவர் பெறத்தக்க நன்மை பெரிது. வேலை பார்த்துக்கொண்டே புதுத்தொழில் கற்கும் இளைஞர், வளைகுடா நாடுகளில் தனியறையில் மாலைப் பொழுதைக் கழிப்போர், பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் படிக்க விரும்பும் தாய்மார் ஆகியோர்க்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. அடிப்படை உள்ளவர்க்கு இக்கிணறு வற்றாத ஊற்று. அதனை எவரும் தடுக்க வேண்டாம்.

ஆனால் ஒரு பேச்சு நம் செவியில் அடிக்கடி விழுகின்றது. அது நம்மைக் கவலையுறச் செய்கின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண்பிள்ளை கல்லூரிக்குப் போகக் கேட்கிறாள். "எதற்கம்மா அவ்வளவு தூரம்? இப்போதுதான் எல்லாம் கைபேசியிலேயே வந்துவிட்டதே, வீட்டிலிருந்தே படியேன்" என்று வாப்பாவோ பெரியத்தாவோ அன்பாகவே சொல்கிறார்கள். அன்பில் ஐயமில்லை. எனினும் அவளுக்கு மூடப்படும் கதவின்மேல் திறந்த கல்வி என்னும் பலகையை மாட்டுகிறோம் என்பதை உணர்கின்றோமா? அவளுடைய அண்ணனுக்கு அதே கைபேசி போதுமென்று நாம் சொல்வதில்லை. அவனுக்கு விடுதிக் கட்டணம் கட்டுகிறோம். கைபேசிப் பாடம் கல்லூரிக்கு ஈடென்றால் இருவர்க்கும் ஈடு. ஈடில்லையென்றால் இருவர்க்கும் ஈடில்லை.

சான் ஹோசேயில் பல்கலைக்கழகம் தவறியதற்கும் நம் வீட்டில் நாம் தவறுவதற்கும் அடிப்படை ஒன்றே: துணை அதிகம் தேவைப்படுவோரைத் துணையின்றி விடுவது. வீட்டில் தனித்துப் படிக்கும் பெண்ணுக்குத் திரையில் பேராசிரியர் இருப்பார். ஆனால் "எனக்குப் புரியவில்லை" என்று அவள் சொன்னால் கேட்பவர் யார்? அடுப்படியிலிருந்து அழைப்பு வரும்போது பாடத்தை நிறுத்தாமல் காப்பவர் யார்? ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட 2020-ஆம் ஆண்டின் நினைவு நம்மில் பலர்க்கு இன்னும் மறக்கவில்லை. வகுப்பறை என்பது நான்கு சுவர் மட்டுமன்று; படிப்பதற்கென்று ஒருவர்க்கு உலகம் ஒதுக்கித் தரும் நேரமும் அதுவே.

குறை கண்டுவிட்டு வழி சொல்லாமல் போவது விமர்சனமாகாது. நம் கருத்தில் செய்யத்தக்கவை எளியவை. கல்லூரிக்கு அனுப்பக்கூடிய பிள்ளையைக் கல்லூரிக்கே அனுப்புவோம். இணையப் பாடம் அதற்குத் துணையாகட்டும், மாற்றாக வேண்டாம். அனுப்ப இயலாத நிலை இருப்பின், தனியே படிக்க விடாமல் நாலைந்து பேரை ஒன்றுசேர்ப்போம். ஊர்தோறும் பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ சங்கத்திலோ மாலையில் ஓர் அறையைத் திறந்து வைத்து, ஒரே பாடத்தில் சேர்ந்த மாணவரைக் கூட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ பொறியியல் முடித்த இளைஞர் ஒருவரையோ வாரம் இருமுறை உடன் உட்காரச் சொன்னால் போதும். உலான் பத்தூரில் செய்தது இதுதான். அதற்குக் கோடி டாலர் செலவாகவில்லை. தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு அத்தொகையைக் கொடுத்து உதவுவது, பரிசுக் கோப்பை வழங்குவதைவிடப் பயன் தரும். பொது உரிமத்தில் உள்ள பாடங்களைப் படியெடுத்து வைத்துக்கொள்வதும், வல்லவர்கள் அவற்றைத் தமிழில் ஆக்கித் தருவதும் நீண்ட நாள் பயன் தரும் பணிகள். எது படியெடுக்கத் தக்கது, எது பார்க்க மட்டுமே தக்கது என்று உரிமத்தைப் படித்தறியும் பழக்கமும் நமக்கு வேண்டும்.

திறந்த கல்வியின் வாக்குறுதி பொய்யன்று. அது பாதி வாக்குறுதி. கிணற்றை வெட்டியவர்கள் தம் பாதியைச் செய்துவிட்டார்கள். சிலர் அதற்குச் சுற்றுச்சுவரும் எழுப்பிவிட்டார்கள். மறுபாதி ஆசிரியர் கையிலும், ஊரார் கையிலும், பெற்றோர் கையிலும் இருக்கின்றது. அடுத்த முறை நம் பெண்பிள்ளை கல்லூரி விண்ணப்பத்தோடு முன்வந்து நிற்கும்போது, கைபேசியைச் சுட்டிக் காட்டுமுன், அவள் கையில் கயிறு இருக்கின்றதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவோமாக.